சிவசைலத்தின் ஜெர்மன் பெட்டிகள்

மே 9

ஒன்பதாம் மாடி ஜெர்மன்காரர் வேலை முடிந்து ஊருக்குப் போகிறார். போகிறவர் சும்மா போகாமல் இரண்டு வெள்ளைப் பெட்டிகளை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். ஒன்று துவைக்குமாம், மற்றொன்று காய வைக்குமாம். சர்வீஸ் பால்கனியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி வைத்தாகிவிட்டது. பொதுப்பணித்துறையில் மேற்பார்வைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் சிவசைலம், நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு, ஏதோ அணைக்கட்டுக்கு மதகு மாட்டுகிற மாதிரி காலையெல்லாம் இதைச் செய்தார்.

வெளியே அக்கினி நட்சத்திரம். மொட்டை மாடியில் ஒரு சேலையை விரித்துவிட்டு லிஃப்டுக்குத் திரும்புவதற்குள் அது அப்பளமாகிவிடும். அப்படிப்பட்ட சென்னையில் துணி காய வைக்க மின்சாரம்.

நன்றாக இருந்த பழைய மெஷின் வீட்டு வேலை செய்யும் கன்னியம்மாவுக்குப் போய்விட்டது. அது இரண்டு நாள் துணியை ஒரே மூச்சில் விழுங்கும். இந்த ஜெர்மன் குழந்தைக்கு ஒரு போர்வையும் இரண்டு துண்டும் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடுகிறது.

"எதுக்குத்தான் இது?" என்று கேட்டேன்.

"இடம் அடைக்காது" என்றார்.

மூன்று படுக்கையறை வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். இடம்தான் பாவம், தவிக்கிறது!

மே 12

இந்த உலர்த்திக்குப் புகைபோக்கி மாதிரி வெளியே போகும் குழாய் கிடையாது. துணியிலிருந்து கிளம்பும் ஆவியைத் தானே குளிர வைத்துத் தண்ணீராக்கி, ஒரு டிராயருக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நிறைந்ததும் நாம் எடுத்துக் கொட்ட வேண்டும். என் கணவர் இதை எனக்கு விளக்கினார். முப்பது வருஷம் வேதியியல் ஆசிரியையாக நின்றவளுக்கு, ஆவி குளிர்ந்தால் தண்ணீராகும் என்று விளக்கினார். நானும் கேட்டுக்கொண்டேன்.

பொத்தான்களுக்குப் பக்கத்தில் எல்லாம் ஜெர்மன் எழுத்து. அதன்மேல் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டி, 'பருத்தி', 'மெல்லியது', 'சீக்கிரம்' என்று தமிழில் எழுதியிருக்கிறார். வரைபடத்துக்கு எழுதுகிற அதே அச்சுக் கையெழுத்து. தான் குடித்த காபி டம்ளரை முப்பத்தெட்டு வருஷமாக நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போகிற மனிதர்.

கன்னியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "ஐயா ரூம்பு துணிய நான் தொடக் கூடாதாம்மா. அவரே போட்டுக்கறாராம். நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

ஒரு தப்பும் இல்லை, ஐயாவுக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மே 17

காய்ந்து வந்த துணி, யாரோ உட்கார்ந்து எழுந்த நாற்காலி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. காய்ந்ததா இல்லையா என்று சொல்ல ஒரு விசாரணைக் கமிஷன் போட வேண்டும். பத்துக்கு மூன்று மார்க்.

மே 25

அவருடைய பழைய சகா தாணுமாலயனும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். அந்த அம்மாள் சாம்பாரை மூன்று முறை வாங்கிக்கொண்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் நாலாம் மாடிப் பெரியவர் கதையைச் சொன்னேன். பிப்ரவரியில் நடந்தது. லிஃப்டில் ஆறேழு பேர் நிற்கும்போது பெரியவர் வேட்டி நனைந்து, தரையெல்லாம் ஓடி, அவர் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் அதை 'கசிவு' என்று நினைத்து பிளம்பருக்கு போன் போட்டது. இந்தக் கதையை நான் நன்றாகச் சொல்வேன். பெரியவர் முகத்தைச் செய்து காட்டுவேன். "இந்த வயசுக்கு மேல வீட்டோட கட்டிப் போட வேண்டியதுதானே" என்று நான் முடிக்கும் இடத்தில் தாணுமாலயன் சிரித்துப் புரையேறிவிட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் பாதியில் எழுந்து, உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பால்கனிக்குப் போய்விட்டார். விருந்தாளிகளை வைத்துக்கொண்டு பஞ்சு எடுக்கப் போகிற மரியாதையை எந்த ஊரில் படித்தாரோ.

ஜூன் 8

காலை ஐந்து மணிக்கே மெஷின் உறுமத் தொடங்கிவிடுகிறது. தினமும். ஒரே ஆளின் துணி. எழுந்து போய்ப் பார்த்தால், அதன் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, தீபாராதனை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அறையில் ஊதுபத்தி வேறு. கோயிலுக்கு வரச் சொன்னால் முழங்கால் வலி என்கிறவருக்கு இப்போது வாரம் ஒரு பாக்கெட் ஊதுபத்தி போதவில்லை. நான் குறட்டை விடுகிறேன் என்று மார்ச்சிலேயே அந்த அறைக்குக் குடிபோனவர். முப்பத்தெட்டு வருஷம் கேட்காத குறட்டை திடீரென்று கேட்டதாம். நானும் சந்தோஷமாகப் போங்கள் என்றேன். கட்டில் முழுக்க எனக்கே. நன்றாகத்தான் இருக்கிறது.

சாப்பாடு குறைந்துவிட்டது. ராத்திரி இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம் என்கிறார். தண்ணீர் ஆறு மணிக்கு மேல் தொடுவதில்லை. தொப்பை மட்டும் அடிவயிற்றில் கும்மென்று முன்னால் வந்து நிற்கிறது. "மாசம் எத்தனை?" என்று கேட்டேன். வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

ஜூன் 19

பாளையங்கோட்டையில் அவருடைய தங்கை மங்கையர்க்கரசியின் மகளுக்குக் கல்யாணம். ஒரே தங்கை. தாய்மாமா முறையில் முன்னால் நிற்க வேண்டியவர் இவர். டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வா. நான் வரலை."

"என்னதான் சொல்லுதிய? மங்கை என்ன நினைப்பா?"

"ராத்திரி பூரா ரயில்ல வரணும். அங்க மண்டபத்துல எல்லாரோடயும் படுக்கணும். எனக்குச் சரிப்படாது."

"ஏசி வண்டிதான். லாட்ஜுல ரூம் போடச் சொல்லுதேன்."

"வேண்டாம்னா விடேன், வசு. வீட்டை யாராச்சும் பாத்துக்கிடணும்லா."

"வீட்டையா, மெஷினையா?"

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நேற்றைய பேப்பர்.

ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாதபடி ஒரு மனிதரை இரண்டு தகரப் பெட்டிகள் கட்டிப் போட முடியும் என்றால், அந்த மனிதர் தகரத்துக்குக் கொஞ்சம் கீழே என்றுதான் அர்த்தம்.

ஜூலை 3. பாளையங்கோட்டை

கல்யாணம் ஆயிற்று. பந்தியில் ரசம் ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை கல்யாணப் படத்தில் நன்றாக விழ வேண்டும் என்பதற்காகவே தாலி கட்டினான் போலிருக்கிறது. இரண்டு தடவை கட்டச் சொன்னாலும் கட்டியிருப்பான்.

பார்க்கிறவர்கள் எல்லாம், "அத்தான் எங்க? அண்ணாச்சி வரலியா?" என்றுதான் கேட்டார்கள். "அவ்வோ ஒரு ஜெர்மன்காரியக் கட்டிக்கிட்டாவ. விட்டுட்டு வர மனசில்லை" என்றேன். நன்றாகச் சிரித்தார்கள்.

மங்கை மட்டும் சிரிக்கவில்லை. "போன்ல குரலே நல்லால்லையே மதினி. அண்ணன் நல்லாத்தான இருக்காவ?" என்று கேட்டாள். கல்யாண வீட்டில் நூறு வேலையை வைத்துக்கொண்டு இவளுக்குக் குரல் ஆராய்ச்சி.

நாளை இரவு திரும்புவதாக இருந்தேன். இன்றைக்கே கிளம்புகிறேன். ரசத்துக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

ஜூலை 4

ஒரு நாள் முன்னதாக வருவதாகச் சொல்லவில்லை. என் சாவியால் கதவைத் திறந்தேன். ஊதுபத்தியையும் மீறி ஒரு வாடை.

அவருடைய மெத்தை ஜன்னலில் சாய்த்து நிறுத்தியிருந்தது. எதிரில் மேசை விசிறி முழு வேகத்தில். வெறும் கட்டிலில், விரிப்புக்கு அடியில் போட்டு வந்த மடிப்புகளோடு, குளியலறையிலிருந்து காணாமல் போயிருந்த பிளாஸ்டிக் திரை. சர்வீஸ் பால்கனியில் இரண்டு பெட்டிகளும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. கீழே இரண்டு வாளி நிறைய ஈர விரிப்புகள். அவர் பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு விரிப்பைக் கையால் பிழியப் பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டைக் கட்டில் விரிப்பு. ஒரு ஆளால் பிழிய முடியாது. ஒரு முனையை முறுக்கினால் மறுமுனை வாளிக்குள் நழுவி மறுபடி நனைந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். எழவில்லை.

"தண்ணிச் செம்பு கவுந்துட்டு" என்றார்.

ஆய்வகத்தில் முப்பது வருஷம் நின்றிருக்கிறேன். அம்மோனியா எது, தண்ணீர் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

"சரி. அந்த முனையப் பிடிங்க" என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையை நான் பிடித்தேன். அவர் வலப்பக்கம் முறுக்கினார், நான் இடப்பக்கம். தண்ணீர் சொட்டச் சொட்ட, கயிறு மாதிரி ஆனது. அவர் என்னைப் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு விரிப்புகள் இருந்தன. ஆறையும் பிழிந்தோம். ஜெர்மன்காரனையும் அவன் பெட்டியையும் அதைச் செய்தவனுக்கு எஞ்சினியர் பட்டம் கொடுத்தவனையும் நான் திட்டிக்கொண்டே இருந்தேன். அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா.

மொட்டை மாடிக்கு நானே எடுத்துப் போனேன். கொடியில் என் சேலைகளுக்கு நடுவில் போட்டேன்.

ஜூலை 5

அவருடைய கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 7

மெஷின் பார்க்க ஒரு பையன் வந்தான். சட்டையில் கம்பெனிப் பெயர், மூளையில் ஒன்றும் இல்லை. உலர்த்தியின் கீழ் மூடியைத் திறந்து, அழுக்குக் கம்பளித் துண்டு மாதிரி பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தான்.

"ஃபாரின் மாடல்மா. ரெண்டுக்கும் பார்ட்டு வரணும். ரெண்டு வாரம் ஆகும். டெய்லி ஓட்டுவீங்களா?"

"டெய்லிதான்."

"வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேருக்கு டெய்லியா? அதுவும் எல்லாமே பெட்ஷீட் பஞ்சாட்டம் இருக்கே?"

ஹாலில் செய்தி வாசிக்கிற சத்தம் சட்டென்று குறைந்தது. அவர் டிவியின் குரலை அடக்கியிருக்கிறார்.

"எனக்குச் சுத்தம் முக்கியம்பா. ஒரு நாள் படுத்த விரிப்பில மறுநாள் படுக்க மாட்டேன். கிறுக்குன்னு வச்சுக்கோயேன்" என்றேன்.

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துக்கொள்ளட்டும். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் உண்மையைச் சொல்கிற அளவுக்கு அவன் அப்படி ஒன்றும் பெரிய ஆளில்லை.

ஜூலை 9

எனக்கு மூன்று நாளாக நீர்க்கடுப்பு, துணைக்கு வாங்கள் என்று சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். "முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று ஆட்டோவில் என்னைக் கோபித்துக்கொண்டார். இவர் கோபித்துக்கொள்கிறார்!

சிறுநீரக டாக்டர் அறைக்கு வெளியே எல்லோரும் தங்கள் வியாதியை பாஸ்போர்ட் மாதிரி ஃபைலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் வந்து, "சிவசைலம் யாரு?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"உனக்குன்னு சொன்ன?"

"எனக்குத்தான். போங்க."

"நான் வீட்டுக்குப் போறேன்."

"எந்திரிச்சு வாசல் பக்கம் போனியன்னா இங்கனயே சத்தம் போடுவேன். எனக்கு வெக்கம் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா."

தெரியும். உள்ளே போனார்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அடிவயிற்றில் கையை வைத்ததுமே பேச்சை நிறுத்திவிட்டார். அது தொப்பை இல்லையாம். மூத்திரப்பை. புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்துவிட்டதில், மாதக்கணக்காக நிறைந்து நிறைந்து, தாங்க முடியாமல் தூக்கத்தில் வழிந்திருக்கிறது. என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குழாய் போட்டார்கள். ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது என்று நர்ஸ் இன்னொருத்தியிடம் சொன்னாள், ஏதோ கிணற்றில் ஊற்றுக் கண்டதுபோல.

பிறகு ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. திரைக்குப் பின்னால் டாக்டர் குரல் கேட்டது. "பின்னாடி அடிச்சு ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு சார். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டிருந்தா டயாலிசிஸ்தான். எப்ப ஆரம்பிச்சுது?"

"பிப்ரவரியில."

"இவ்வளவு நாளா வீட்ல யார்கிட்டயும் சொல்லலியா? வைஃப்கிட்டகூட?"

கட்டில் கிறீச்சிட்டது.

"அவ சிரிப்பா, டாக்டர்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பினாயில் மட்டமானது. கண் எரிகிறது. நிர்வாகத்துக்கு எழுதிப் போட வேண்டும்.

ஜூலை 10

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 23

குழாயோடும் பையோடும் வீட்டில் இருக்கிறார். சிறுநீரகம் தேறும்வரை ஆபரேஷன் கிடையாது. கால் வீக்கம் வற்றிவிட்டது. நேற்று மூன்று தோசை சாப்பிட்டார். கேட்காமலே நாலாவதைப் போட்டேன்.

மெஷினுக்கு பார்ட் வந்துவிட்டது. இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வேட்டியில் பையிலிருந்து சில சமயம் கசிகிறது. கன்னியம்மாவிடம் கொடுக்க அவருக்கு மனம் வராது. எனக்கும் வரவில்லை.

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். மழை நாளில் அது உபயோகம்தான். வாடை இல்லாமல் வருகிறது. மூன்றரை மார்க்.

மகள் உமையாள் கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கு நாள் இருந்தாள். வந்ததிலிருந்து போனில் ஒரு டயட் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தாள். போகும்போது சமையலறையில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "உனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?" என்றாள். பாலைப் பார், பொங்கப் போகிறது என்றேன்.

ஆகஸ்ட் 1

தாணுமாலயனின் மனைவி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். வாழைப்பழம், அதுவும் கறுத்தது. அவர் உள் அறையில் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது. சும்மா இல்லாமல், "அந்த லிஃப்டு தாத்தா எப்படி இருக்கார்? அன்னிக்கு நீங்க நடிச்சுக் காட்டினத நெனச்சு வீட்டுக்குப் போயும் சிரிச்சோம்" என்றாள்.

"அவர் பெயர் வரதராஜுலு. தபால் துறையில பெரிய வேலையில இருந்தவர். அவருக்கு என்ன, நல்லா இருக்கார்" என்றேன். போன வாரம் லிஃப்டில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது.

அப்புறம் அவளுக்குக் காபி கொடுக்கவில்லை. டிகாஷன் இல்லை.

ஆகஸ்ட் 13

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே கூட்டிப் போகும்போது கண்ணாடியையும் மோதிரத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தார். "உலர்த்தியில தண்ணி டிராயர் நிறைஞ்சிருக்கும். போய்க் கொட்டிரு" என்றார். ஒரு மனிதர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மனைவியிடம் சொல்கிற வார்த்தை இது. சினிமாவில் எல்லாம் வேறு மாதிரி சொல்வார்கள்.

நான் மோதிரத்தைப் போட்டுப் பார்த்தேன். கட்டை விரலுக்குக்கூடப் பெரியது.

ஆகஸ்ட் 16

குழாயை எடுத்தாகிவிட்டது. கொஞ்ச நாளைக்குத் தன்னையறியாமல் கசியலாம், பயப்பட வேண்டாம், தானே சரியாகும் என்று டாக்டர் சொன்னார். இவர் டாக்டரின் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29

இன்று காலை பால் பாக்கெட்டை எடுக்கப் போகும்போது அவர் அறையிலிருந்து, "வசு" என்று கூப்பிட்டார்.

கதவைத் தள்ளினேன். கட்டிலின் ஓரத்தில், கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கைப் போடவில்லை.

"நனைச்சுட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் இருப்பதற்கு இந்த மனிதர் ஒன்பதாம் மாடியிலிருந்து இரண்டு ஜெர்மன் பெட்டிகளைக் கொண்டுவந்தார், தங்கை வீட்டுக் கல்யாணத்தை விட்டார், இரண்டு சிறுநீரகத்தையும் விடப் பார்த்தார்.

"எந்திரிங்க. அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன்.

இரண்டு பேருமாக விரிப்பை உருவினோம். அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு பால்கனிக்கு என் பின்னாலேயே வந்தார். நான் விரிப்பை உள்ளே திணித்து, போகிற போக்கில் என் இரண்டு சேலைகளையும் தலையணை உறைகளையும் சேர்த்து அடைத்து, ஒரு பொத்தானை அழுத்தினேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றார்.

"துவைக்கேன்."

"அது 'சீக்கிரம்'. பருத்தியில வைக்கணும். இவ்வளவையும் போட்டு அடைச்சா எப்படிச் சுத்தும்? எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன், முக்கால்வாசிதான் போடணும்னு! படிச்சவளா நீ? வாத்திச்சியாம் வாத்திச்சி, ஒரு காகிதத்துல எழுதி ஒட்டியிருக்கத வாசிக்கத் தெரியல. தள்ளு அங்கிட்டு!"

பிப்ரவரிக்குப் பிறகு இந்த மனிதர் என்னை ஒரு தடவைகூட இப்படித் திட்டியதில்லை. நான் என்ன சொன்னாலும் பேப்பரை எடுத்துக்கொண்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்துகொண்டிருந்தார். இன்று சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். மெஷின் கதவைத் திறந்து, சேலைகளை வெளியே இழுத்துப் போட்டு, பஞ்சு வடிகட்டியைத் தட்டி, குனிந்து, நிமிர்ந்து, காபி எங்கே என்று அதட்டினார். குடித்த டம்ளரை ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

திமிர் பிடித்த குடும்பம். மங்கையும் இப்படித்தான்.

பருத்தி எது, சீக்கிரம் எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மாதமாக நான்தானே ஓட்டுகிறேன். காலை இருட்டில் கை மாறிப் போயிருக்கும். வேண்டுமென்று அழுத்தவில்லை. அழுத்தியிருந்தாலும் அதை இங்கே எழுதப் போவதில்லை.